நியமத்தின் சொல்லும் பொருளும்: இணைய நெறிமுறை வரைவுகளின் மொழிநடை பற்றிய ஓர் ஆய்வு

இலக்கியத் திறனாய்வாளர் கவிதையையும் காவியத்தையும் நாடகத்தையும் ஆராய்வர். சட்டநூலை எடுத்து அதன் சொல்லாட்சியை ஆராய்வோர் சிலர். பொறியியல் நியமங்களை அவ்வாறு ஆராய்வோர் அவரினுஞ் சிலரே. நியமங்கள் அளவைகளும் எண்களும் நிரம்பியவை, அவற்றிலே மொழி கற்றவனுக்கு யாது வேலை என்று வினாவுவாரும் உளர். அவ்வினாவிற்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று உலகெங்குமுள்ள கணினிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்வது கம்பியின் வலிமையினாலும் மின்னின் விரைவினாலும் மாத்திரமன்று. சில பத்திரங்களில் எழுதப்பட்ட வாக்கியங்களை, ஒருவரையொருவர் கண்டறியாத பல நாட்டுப் பொறியியலாளர் ஒரே பொருளிற் படித்துக்கொண்டமையினாலேயே அது கைகூடிற்று. எழுதியவர் ஓரிடத்தார், படித்துக் கருவி செய்பவர் வேறோரிடத்தார். இடையே நின்று இருவரையும் இணைப்பது சொல் ஒன்றே. வாக்கியம் இருபொருள் படுமாயின் கருவிகளும் இருவகைப்படும். இருவகைப்பட்ட கருவிகள் தம்முட் பேசமாட்டா. ஆகவே நெறிமுறை வரைவொன்றின் மொழிநடையை ஆராய்தல் அலங்காரத்தை ஆராய்தலன்று. அதன் உயிர்நிலையை ஆராய்தலாகும்.

பத்திரங்களின் வரலாறு

இணையத்தின் நியமங்கள் 'ஆர்.எவ்.சி.' என வழங்கும் பத்திரத் தொடரில் வெளிவருகின்றன. கருத்துரை வேண்டற் பத்திரம் என்று அதனைத் தமிழிற் கூறலாம். முதலாம் இலக்கப் பத்திரம் 1969ஆம் ஆண்டு ஏப்ரில் 7ஆந் திகதி வெளிவந்தது. அதனை எழுதியவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் பிரிவிற் பட்டமேற்படிப்பு மாணவராயிருந்த ஸ்டீவ் குரொக்கர். அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆந் திகதியே ஆர்ப்பாநெற் வலையமைப்பில் முதற் செய்தி சென்றது. எனவே, வலையமைப்பு இயங்குமுன்னரே அதற்குரிய எழுத்துத் தோன்றிவிட்டதென்பது நோக்கத்தக்கது.

'கருத்துரை வேண்டல்' என்னும் அடக்கமான பெயரை அவ்விளைஞர் கருதியே இட்டனர். கட்டளையிடும் அதிகாரம் தமக்குண்டென்று அவர் எண்ணினாரல்லர். செப்பனிடப்பட்ட கட்டுரையைக் காட்டிலும் காலத்தோடு வரும் குறிப்பே விரும்பத்தக்கதென்று மூன்றாம் இலக்கப் பத்திரம் அறிவித்தது. ஆயின், காலஞ் செல்லச் செல்ல அக்குறிப்புக்கள் நியமங்களாயின. பெயர் வேண்டுகோளாகவே நின்றது, பொருளோ விதியாயிற்று. பெயருக்கும் பொருளுக்கும் இடையே தோன்றிய இவ்விடைவெளி, பின்னர் நாம் காணப்போகும் பல மயக்கங்களுக்கு ஒரு முன்னறிவிப்புப் போலும்.

இத்தொடருக்கு ஓர் இயல்பு உண்டு. ஒருமுறை வெளியிடப்பட்ட பத்திரம் பின்னர்த் திருத்தப்படுவதில்லை. பிழை காணப்படின் அது பிழைப்பட்டியலிற் சேர்க்கப்படும். மாற்றம் வேண்டின் புதிய இலக்கத்தோடு புதிய பத்திரம் வெளிவரும். கல்லிற் பொறித்த சாசனம் போல் முதற்பத்திரம் தன் குறையோடு என்றும் நிற்கும். ஆதலால் வரைவு நிலையிலேயே சொல்லை ஆராய்தல் இன்றியமையாததாகின்றது. இணைய வரைவு ஒன்று ஆறு மாதங்களே உயிர்வாழும். அதற்குள் திருத்தப்பட்டு மீண்டும் வெளியிடப்படாவிடின் காலாவதியாகும். நியமமாகுமுன், இணையப் பொறியியற் செயற்குழு இறுதி அழைப்பு விடுத்து, குறைந்தது இரண்டு வாரங்களேனும் எவரும் கருத்துரைக்க இடமளிக்கின்றது. உறுப்புரிமைக் கட்டணமோ அழைப்பிதழோ இதற்கு வேண்டுவதில்லை.

கலைச்சொல்லின் வரையறை

முதற்கண் பெயர்ச்சொற்களை நோக்குவாம். பொதுமக்கள் வழக்கில் 'பைற்று' என்பது எட்டுப் பிற்றுக்களின் தொகுதியைக் குறிக்கும். நியமப் பத்திரங்களோ அச்சொல்லைப் பெரும்பாலும் விடுத்து 'ஒக்ரெற்று' என்னும் சொல்லை ஆளுகின்றன. இது புலமைச் செருக்கன்று. முற்காலக் கணினிகள் யாவற்றிலும் பைற்றின் அளவு எட்டாக இருந்ததில்லை. முப்பத்தாறு பிற்றுக்கொண்ட சொல்லளவுடைய பி.டி.பி.-10 கணினியில் பைற்றின் அளவு வேண்டியவாறு மாறும். எட்டு என்னும் பொருளைத் தன்னுள்ளே கொண்ட ஒக்ரெற்று எவ்விடத்தும் எட்டே. அளவை மாறும் சொல்லை நீக்கி அளவை மாறாச் சொல்லைக் கொண்டமை நல்ல கலைச்சொல்லாக்கத்திற்கு எடுத்துக்காட்டாகும்.

பொதி, சட்டகம், துண்டம் முதலிய சொற்களும் அத்தகையனவே. சாதாரண உரையாடலில் இவை யாவும் ஒன்றெனவே கருதப்படும். ஆயின், 1989ஆம் ஆண்டு வெளிவந்த 1122ஆம் இலக்கப் பத்திரம் இவற்றை வேறுபடுத்தி வரையறுத்தது. ரி.சி.பி. நெறிமுறையின் அலகு 'செக்மென்ற்'. ஐ.பி. நெறிமுறையிலே முனையிலிருந்து முனைக்குச் செல்லும் அலகு 'டேற்றாகிராம்'. இணைய அடுக்கிற்கும் இணைப்பு அடுக்கிற்கும் இடையே கைமாறுவது 'பக்கற்'. அது முழு டேற்றாகிராமாகவும் இருக்கலாம், அதன் ஒரு கூறாகவும் இருக்கலாம். இணைப்பு அடுக்கின் அலகு 'பிறேம்'. இங்ஙனம் வரையறுத்தபின் 'பக்கற் தொலைந்தது' என்று கூறுவோன், எந்த அடுக்கில் எது தொலைந்தது என்பதையும் உடன்கூறியவனாகின்றான். வரையறை பேச்சைச் சுருக்குகின்றது. 'சுருங்கச் சொல்லல்' என்று நம் இலக்கணகாரர் நூலழகுகளுள் ஒன்றாக வைத்தது இதனையே.

எனினும் எல்லாச் சொற்களும் இவ்வாறு நற்பேறு பெற்றனவல்ல. வலையமைப்புக்களுக்கிடையே பொதிகளை வழிப்படுத்தும் கருவி முற்காலத்தில் 'கேற்வே', அஃதாவது நுழைவாயில், எனப்பட்டது. 1987ஆம் ஆண்டின் 1009ஆம் இலக்கப் பத்திரம் இணைய நுழைவாயில்களுக்குரிய விதிகளைக் கூறுவதாகத் தலைப்பிட்டுக்கொண்டது. 1995ஆம் ஆண்டில் அதன் இடத்தைப் பெற்ற 1812ஆம் இலக்கப் பத்திரமோ 'றூற்றர்', அஃதாவது வழிப்படுத்தி, என்னும் பெயரைக் கொண்டது. வேறு வேறு நெறிமுறைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் தரும் கருவிகளையும் நுழைவாயில் என்று வழங்கிய காரணத்தால் பழைய பெயர் மயங்கிற்று. ஆயினும், பழஞ்சொல் எளிதில் இறப்பதன்று. நம் மாணவர் தம் கணினியின் வலையமைப்பு அமைப்புக்களைத் திறந்து நோக்கின், வழிப்படுத்தியின் முகவரி கேட்கப்படும் இடத்தில் 'டிபோல்ற் கேற்வே' என்னும் தொடரை இன்றுங் காண்பர். ஒரு சொல்லைத் தவறாக இடுதல் எளிது. இட்டபின் நீக்குதல் அரிது என்பதற்கு இது சான்றாகும்.

இலக்கிய மாணவர்க்கு இன்பந்தரும் ஒரு சொல்லும் இங்கு உண்டு. பல பைற்றுக்களாலான எண்ணொன்றைச் சேமிக்கும்போதும் அனுப்பும்போதும் உயர்மதிப்புடைய பைற்றை முதலில் வைப்பதா, தாழ்மதிப்புடையதை முதலில் வைப்பதா என்பதில் கணினி செய்வோர் இரு கட்சியினராயினர். 1980ஆம் ஆண்டு ஏப்ரில் முதலாந் திகதி டனி கோகன் என்பார் எழுதிய குறிப்பொன்று இக்கட்சிகளுக்கு 'பிக் எண்டியன்', 'லிற்றில் எண்டியன்' என்னும் பெயர்களை இட்டது. ஜொனதன் சுவிப்ற் 1726ஆம் ஆண்டு வெளியிட்ட கலிவரின் யாத்திரை நூலில், முட்டையை அகன்ற முனையில் உடைப்பதா சிறுத்த முனையில் உடைப்பதா என்று போர் புரிந்தோரின் பெயர்கள் அவை. அங்கதம் நன்று; சொல்லோ குறையுடையது. அகன்ற முனையிலிருந்து தொடங்குதல் என்பது பொருளாக, 'எண்ட்' என்பதை இறுதி என்று கொண்டு, உயர்மதிப்பு இறுதியில் வருமென மாறாக உணரும் மாணவர் உளர். காரணப்பெயர் போலத் தோன்றி இடுகுறியாய் நிற்கும் பெயர் மயங்க வைக்கும். நல்லவேளையாக, நியமப் பத்திரங்கள் உயர்மதிப்பு முதலில் வரும் ஒழுங்கையே 'வலையமைப்பு ஒழுங்கு' என வகுத்துக்கொண்டன.

ஆட்பெயர் ஒத்த சொற்களிலும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. இணையப் பெயர்முறைமையில், ஒரு சேவையகத்திலிருந்து மற்றொன்று தரவைப் படியெடுத்துக்கொள்ளுமிடத்து, முற்பத்திரங்கள் அவற்றை ஆண்டான், அடிமை என்று பொருள்படும் சொற்களாற் சுட்டின. பெயர்முறைமைக் கலைச்சொற்களைத் தொகுத்து 2019இல் வெளிவந்த 8499ஆம் இலக்கப் பத்திரம், வழக்கு முதனிலை, துணைநிலை என்னும் பொருளுடைய சொற்களுக்கு மாறிவிட்டதைப் பதிவு செய்தது. 2024இல் வந்த 9499ஆம் இலக்கப் பத்திரம் அதன் இடத்தைப் பெற்றது. மானிட வரலாற்றின் கொடிய நிலையொன்றை இயந்திரத்துக்கு உவமையாக்குதல் தகாது என்பது ஒரு காரணம். அதனோடு, அவ்வுவமை பொருளளவிலும் பிழைபடுகின்றது. ஒரு சேவையகத்திற்குத் துணைநிலையாய் நிற்பது மற்றொன்றுக்கு முதனிலையாதலும் உண்டு. அடிமை என்ற சொல் இவ்வுறவைக் காட்டாது. எனவே பண்பாட்டை நாடிச் செய்த மாற்றம் தெளிவையும் உடன்கொணர்ந்தது.

விதிக்குஞ் சொற்கள்

பெயரினும் வினையே நியமத்துக்கு உயிர். 'கருவி இதனைச் செய்யும்' என்பதும் 'செய்தல் வேண்டும்' என்பதும் 'செய்யலாம்' என்பதும் வேறு வேறு கடப்பாடுகள். இவற்றை வரையறுத்தது 1997ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஸ்கொட் பிராட்னர் எழுதிய 2119ஆம் இலக்கப் பத்திரம். மூன்றே பக்கங்கொண்ட இச்சிறு பத்திரம் பின்வந்த மிகப் பலவற்றால் மேற்கோளாகக் கொள்ளப்பட்டது. 'மஸ்ற்' என்பது விலக்கில்லாக் கட்டாயம். 'ஷுட்' என்பது, தக்க காரணம் இருப்பின், விளைவை நன்கு ஆராய்ந்தபின் விலகுதற்கு இடந்தரும் பரிந்துரை. 'மே' என்பது விருப்புரிமை. இச்சொற்களைச் சிக்கனமாகவே ஆளவேண்டும், கருவிகள் தம்முள் இணைந்தியங்குதற்கோ தீங்கைத் தடுத்தற்கோ இன்றியமையாத இடத்து மாத்திரமே ஆளவேண்டும், ஒரு குறித்த செய்முறையைத் திணித்தற்கு ஆளலாகாது என்ற அறிவுரையும் அப்பத்திரத்தில் உண்டு. இது பெரிதும் போற்றத்தக்க முயற்சியாகும். ஆயினும் ஆராய்வோன் கடமை போற்றுதலோடு முடிவதன்று. நான்கு குறைகளை ஈண்டு எடுத்துக்காட்டுவாம்.

முதலாவது, ஒருபொருட் பன்மொழி. 'மஸ்ற்', 'ஷால்', 'றிக்குவயட்' என்னும் மூன்று சொற்களும் ஒரே பொருளன என்று பத்திரமே கூறுகின்றது. செய்யுளில் ஒருபொருட் பல சொற்கள் அணியாகலாம். விதிநூலில் அவை ஐயத்திற்கு வித்தாம். ஒரு பந்தியில் 'மஸ்ற்' என்றும் அடுத்த பந்தியில் 'ஷால்' என்றும் வரக்காணும் வாசகன், வேறு சொல் வந்தமையின் வேறு பொருள் கருதப்பட்டதோ என எண்ணுதல் இயல்பே.

இரண்டாவது, எழுத்தின் வடிவு. மேற்கூறிய சொற்கள் பலகாலும் பெரிய எழுத்துக்களில் எழுதப்படுகின்றன என்று மாத்திரமே 2119ஆம் இலக்கப் பத்திரம் கூறிற்று. சிறிய எழுத்தில் வரும்போது அவற்றின் நிலை யாது என்பதைத் தெளிவாகக் கூறிற்றில்லை. 'ஷுட்' என்பதற்குத் தந்த விளக்கத்திலேயே 'மே', 'மஸ்ற்' ஆகிய சொற்கள் சிறிய எழுத்தில் இயல்பான பொருளில் வந்துள்ளன. விதியை வகுக்கும் நூலே தன் சொல்லை இருவகையாக ஆண்டது. இருபதாண்டு கழித்து, 2017ஆம் ஆண்டு மே மாதம், பாரி லீபா எழுதிய 8174ஆம் இலக்கப் பத்திரம், முற்றும் பெரிய எழுத்தில் வரும்போது மாத்திரமே இச்சொற்களுக்குச் சிறப்புப்பொருள் உண்டென்று முடிவு செய்தது. இரண்டு தசாப்த காலம் எத்தனை வாக்கியங்கள் இருபொருள்பட நின்றன என்பதை வாசகரே ஊகித்துக்கொள்க.

மூன்றாவது, குன்றக் கூறல். பிற பத்திரங்கள் தம் முகப்பிற் சேர்த்துக்கொள்வதற்கென 2119 ஒரு மாதிரி வாக்கியத்தைத் தந்தது. 'பரிந்துரைக்கப்படாதது' என்னும் பொருளுடைய தொடரைத் தன் உள்ளே வரையறுத்துவிட்டு, மாதிரி வாக்கியத்தின் சொற்பட்டியலில் அதனைச் சேர்க்க மறந்தது. மாதிரியைப் படியெடுத்த பத்திரங்கள் எல்லாம் அக்குறையையும் சேர்த்தே படியெடுத்தன. பிழை பிழைப்பட்டியலில் ஏறிற்று. 8174இன் புதிய மாதிரியில் நிவர்த்தியாயிற்று. ஏடெழுதுவோரின் பிழை படிக்குப் படி தொடர்ந்து செல்லுதலை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

நான்காவதே தலையாயது. அது 'ஷுட்' என்னுஞ் சொல்லின் ஆட்சி. கூட்டத்தில் ஒரு சாரார் கட்டாயம் வேண்டுமென்கின்றனர். மற்றொரு சாரார் வேண்டாமென்கின்றனர். இருவரும் சோர்ந்தபோது 'ஷுட்' என்று எழுதிக் கலைகின்றனர். அப்போது அச்சொல் ஆராய்ந்து தெளிந்த பரிந்துரையாகாது; முடிவு காணாத வழக்கை மூடிவைத்த திரையாகும். விளைவை ஆராய்ந்து விலகுக என்று விதி கூறுகின்றது. ஆராய வேண்டிய விளைவு யாதென்பதை வரைவு கூறாவிடின் படிப்பவன் எதனை ஆராய்வான்? ஆகவே, 'ஷுட்' வருமிடந்தோறும், விலகுதற்குரிய காரணம் எது, விலகின் விளைவு எது என இரண்டையும் வரைவே கூறல் வேண்டும் என்பது எம் கருத்து. அவ்விரண்டையும் கூறவியலாத இடத்தில் ஒன்றிற் கட்டாயமாக்குக, அன்றேல் நீக்குக. 2013ஆம் ஆண்டு ஏப்ரில் முதலாந் திகதி நகைச்சுவையாக வெளிவந்த 6919ஆம் இலக்கப் பத்திரம், கட்டாயமென விதித்தபோதே எவரும் செய்யார் என்பதையும் ஒப்புக்கொள்ளும் சொற்றொடர்களை முன்மொழிந்து எள்ளிற்று. அந்நகையின் உள்ளே ஓர் உண்மை உண்டு.

'மே' என்பது எளிய சொல்லென எண்ணற்க. விருப்புரிமையை ஒரு கருவி ஏற்பின், ஏலாத கருவியோடும் அது இணைந்தியங்க ஆயத்தமாதல் வேண்டும். ஏலாதது ஏற்றதனோடும் அவ்வாறே. எனவே ஒருவனுக்கு அளித்த உரிமை மற்றொருவனுக்குக் கடமையாகின்றது. வரைவில் ஒவ்வொரு 'மே' சேரும்போதும் சோதிக்க வேண்டிய நிலைகள் பெருகுகின்றன. தாராளமாக உரிமை வழங்கும் வரைவு உண்மையிற் சுமையையே வழங்குகின்றது.

மாறுகொளக் கூறல்

மொழிக்குற்றத்தால் விளைந்த கேட்டிற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1981ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் ஜோன் பொஸ்டலைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த 793ஆம் இலக்கப் பத்திரம் ரி.சி.பி. நெறிமுறையின் மூலநூல். அதில் அவசரத் தரவைச் சுட்டுவதற்கு ஒரு சுட்டி உண்டு. ஓரிடத்தில் அச்சுட்டி அவசரத் தரவுக்கு அடுத்த ஒக்ரெற்றைக் காட்டும் என்று எழுதப்பட்டது. மற்றோரிடத்திலுள்ள கணக்கின்படியோ அது அவசரத் தரவின் இறுதி ஒக்ரெற்றைக் காட்டும். அவசரத் தரவு 101 முதல் 110 வரையான ஒக்ரெற்றுக்களாயின், சுட்டி காட்டுவது 111ஆ, 110ஆ? நம் இலக்கண நூலார் கூறிய பத்துக் குற்றங்களுள் மாறுகொளக் கூறல் என்பது இதுவே.

1989இல் 1122ஆம் இலக்கப் பத்திரம் இறுதி ஒக்ரெற்றே சரியென்று தீர்ப்புக் கூறிற்று. ஆனால் அதற்குள் கருவி செய்தோரிற் பெரும்பாலார் அடுத்த ஒக்ரெற்று என்னும் பாடத்தையே கைக்கொண்டுவிட்டனர். தீர்ப்பு ஏட்டில் நின்றது. வழக்கு நாட்டில் நடந்தது. இறுதியாக 2011ஆம் ஆண்டின் 6093ஆம் இலக்கப் பத்திரம் நியமத்தையே மாற்றி வழக்கிற்கு இயைத்தது. புதிய செயலிகள் அவசரத் தரவு முறையைக் கைக்கொள்ளாதிருத்தலே நன்றெனவும் பரிந்துரைத்தது. 793ஐ நீக்கி 2022இல் வெளிவந்த 9293ஆம் இலக்கப் பத்திரம் இம்மாற்றத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. ஓர் ஒக்ரெற்றின் வேறுபாடு தீர முப்பது ஆண்டுகள் சென்றன. தீர்ந்தபோது அக்கருவியே கைவிடத்தக்கதாயிற்று.

இதனைக் கொண்டே எம்மை மறுப்பாரும் உளர். இறுதியில் வென்றது வழக்கன்றோ? இயங்கும் நிரலே நியமத்தின் உரைகல். சொல்லாராய்ச்சி வீண் என்பர் அவர். இம்மறுப்பு ஒதுக்கத்தக்கதன்று. இயங்கிக் காட்டாத நெறிமுறையை எத்துணை அழகாக எழுதினும் பயனில்லை. இணையம் வளர்ந்தது செய்து பார்த்தோரால் என்பதில் ஐயமில்லை. எனினும் இவ்வெடுத்துக்காட்டில் வழக்கு நூலை வென்றது நூல் இரு நாவுடையதாய் இருந்தமையினாலேயாம். ஒரு நாவால் உரைத்திருப்பின் வழக்கும் ஒன்றேயாயிருக்கும். அன்றியும், இயங்கும் நிரல் இன்றுள்ள இரு கருவிகள் இணங்குகின்றன என்பதை மாத்திரமே மெய்ப்பிக்கும். நாளை மூன்றாமவன் செய்யப்போகும் கருவிக்கு நூலன்றி வேறு வழிகாட்டி இல்லை.

பொஸ்டல் பத்திரங்களில் வைத்த புகழ்பெற்ற அறிவுரை ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. அனுப்புங்கால் கண்டிப்பாகவும் ஏற்குங்கால் தாராளமாகவும் நடத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். சான்றோர்க்குரிய இப்பண்பு இளம் வலையமைப்பை வாழவைத்தது. ஆயின், பிழையை ஏற்பவன் பிழையை நிலைபெறச் செய்பவனுமாவான். பிழையான செய்தியை ஒருவன் பொறுத்தேற்க, அனுப்பியவன் தன் பிழையை அறியாது விட, நாளடைவில் பிழையே வழக்காகி யாவரும் அதனை ஏற்க வேண்டியதாகின்றது. 2023ஆம் ஆண்டின் 9413ஆம் இலக்கப் பத்திரம் இத்தீமையை விரித்துரைத்து, பிழையைச் சகிப்பதினும் நெறிமுறையை இடையறாது பேணித் திருத்துவதே தக்கதென்கின்றது. மாணவனின் எழுத்துப்பிழையை அன்பினாற் பொறுத்து விடும் ஆசிரியர் இதன் உண்மையை அறிவர்.

நமக்கும் இதற்கும் உள்ள தொடர்பு

இவை யாவும் அயல்மொழிச் செய்திகள் என்று கருதற்க. 2010ஆம் ஆண்டில் '.இலங்கை' என்னும் ஆட்களப்பெயர் தமிழெழுத்தில் நிறுவப்பட்டது. அத்தகைய பெயர்களுக்குரிய விதிகள் அவ்வாண்டு வெளிவந்த 5890 முதலிய பத்திரங்களில் உள்ளன. 2003ஆம் ஆண்டின் முந்திய விதி, எழுத்துக்களை இணைக்கும் புலப்படாக் குறியை நீக்கிவிடுமாறு கூறிற்று. 'ஸ்ரீ' என்பதைச் சிங்கள எழுத்தில் முறையாக எழுத அக்குறி இன்றியமையாதது. புதிய விதி அதனை 'இடம் நோக்கி அனுமதிக்கப்படுவது' என்னும் வகையில் வைத்தது. அனுமதி, விலக்கு, இடம் நோக்கிய அனுமதி என்னும் வகைகளுள் ஒன்று, ஒரு மொழியார் தம் சொல்லைத் தம் எழுத்தில் எழுதும் உரிமையையே நிருணயித்தது.

இனி, இத்தகைய நியமங்களைத் தமிழில் எழுதப் புகின் நேரும் இடர்களையுஞ் சிந்திப்பாம். தமிழ் நெடுங்கணக்கிற் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இல்லை. எனவே 8174 கண்ட தீர்வு நமக்கு உதவாது. வேறுபாட்டை எழுத்தின் வடிவிலன்றிச் சொல்லின் உருவிலேயே காட்டல் வேண்டும். ஏவல் வினை முன்னிலைக்கே உரியது. படர்க்கையாய் நிற்கும் கருவிக்கு வியங்கோள் பொருந்தும். ஆயின் 'செய்க' என்பது விதித்தலோடு வேண்டலையும் வாழ்த்தையும் உணர்த்தும். 'செய்யலாம்' என்பதோ இன்னும் மயக்கந் தருவது. 'கணினி பொதியை ஏற்காது விடலாம்' என்றால், ஏற்காதுவிட உரிமையுண்டு என்பதா, ஏற்காதுவிடுதல் நேரக்கூடும் என்பதா? ஆங்கில 'மே' என்பதற்கும் இதே நோய் உண்டு.

இதற்கு எம் கருத்து வருமாறு: கட்டாயத்துக்கு 'செய்தல் வேண்டும்' என்பதையும், விலக்குக்கு 'செய்யக்கூடாது' என்பதையும், பரிந்துரைக்கு 'செய்தல் தகும்' என்பதையும், உரிமைக்கு 'செய்ய உரிமையுண்டு' என்பதையும் மாறாத வாய்பாடுகளாகக் கொள்ளுதல் நலம். நிகழ்தகவைக் கூறுமிடத்து 'தொலைதல் நேரும்', 'தொலைய இடமுண்டு' போன்ற தொடர்களை ஆண்டு, 'லாம்' ஈற்றை நியமத்தினின்று முற்றாக நீக்குக. ஒரு வகையில் தமிழ் ஆங்கிலத்தினும் நல்ல நிலையிலுள்ளது. ஆங்கிலத்தில் 'மே' என்பதோடு எதிர்மறை சேரின் செய்யாதிருக்க உரிமையோ, செய்ய விலக்கோ என்பது தெளியாது. 2119ஆம் இலக்கப் பத்திரம் அத்தொடரைத் தன் பட்டியலிற் சேர்த்ததில்லை. தமிழில் 'செய்யாதிருக்க உரிமையுண்டு', 'செய்யக்கூடாது' என இரண்டும் தாமே பிரிந்து நிற்கின்றன.

முடிவுரை

நெறிமுறை வரைவொன்றை ஆராயப் புகுவோன் கேட்க வேண்டிய வினாக்கள் சிலவே. ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே ஆளப்பட்டுள்ளதா? ஒவ்வொரு கலைச்சொல்லும் முதல் ஆட்சியிலேயே வரையறுக்கப்பட்டுள்ளதா? ஒவ்வொரு விதிக்கும் எழுவாய் உண்டா, அஃதாவது செய்ய வேண்டியவன் அனுப்புவோனா பெறுவோனா என்பது தெளிவா? விதியை மீறின் மறுபக்கத்தான் யாது செய்தல் வேண்டும் என்பது கூறப்பட்டதா? ஓரிடத்துக் கூறியது பிறிதோரிடத்துக் கூறியதோடு முரணாதுள்ளதா? செயப்பாட்டு வினையில் 'நிராகரிக்கப்படும்' என்று எழுதி எழுவாயை மறைத்தல் நியமங்களிற் பெருவழக்கான குற்றம். இவ்வினாக்களைக் கேட்பதற்கு மின்னியற் பட்டம் வேண்டுவதன்று. எழுவாயும் பயனிலையும் அறிந்து, சொல்லைச் சொல்லோடு ஒப்புநோக்கிப் படிக்கும் பொறுமையே வேண்டும்.

விஞ்ஞானம் கற்கும் மாணவர் இலக்கணத்தைப் பரீட்சையோடு விட்டொழிக்கத்தக்க பாடமெனவும், கலை கற்கும் மாணவர் விஞ்ஞான நூல் தமக்கு உரியதன்று எனவும் எண்ணி வருகின்றனர். இவ்விரு எண்ணங்களும் தவறென்பதற்கு மேற்காட்டிய பத்திரங்களே சான்று. நம் கல்லூரியிலிருந்து பொறியியற் பீடங்களுக்குச் செல்வோர் நாளை இத்தகைய வரைவுகளைப் படிப்பர்; சிலர் எழுதவும் செய்வர். வரைவு கருத்துரைக்குத் திறந்திருக்கும் நாள்களில் ஒரு சொல்லின் குறையைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் எழுதுவாராயின், முப்பதாண்டு நீடிக்கத்தக்க ஒரு மயக்கத்தை அவர் முளையிலேயே களைந்தவராவர். அக்கடிதத்தை எழுதும் தகுதியை அளித்தல் விஞ்ஞான ஆசிரியருக்கும் மொழியாசிரியருக்கும் பொதுவான கடமையாகும்.